மூல நிரலிலிருந்து ஆர்

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இரு ஆசிரியர்கள் உருவாக்கி, 1995இல் மூல நிரலோடு உலகத்தார் யாவருக்கும் இலவசமாக வழங்கிவிட்ட 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருளை, ஆயத்தமாகக் கிடைக்கும் வடிவத்தில் இறக்கிக்கொண்டு உபயோகிப்பவர்களே பெரும்பாலோர். ஆயினும் தாம் நம்பி அச்சேற்றும் ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து பிறக்கிறது என்பது, அதைத் தாமே கம்பைல் செய்து பார்ப்பவருக்குத்தான் விளங்கும் என்பது என் திடமான அபிப்பிராயம். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் அவ்வாறு செய்து பார்த்ததன் பலனை இங்கே தருகிறேன்.

லினக்ஸில் காரியம் சுலபம். சி, ஃபோர்ட்ரான் கம்பைலர்களை நிறுவிக்கொண்டு 'கான்ஃபிகர்' கட்டளையை இட்டால், அது கணினியை ஆதியோடந்தமாகச் சோதிக்கிறது. உபுண்டுவில் ரீட்லைன் நூலகம் இருந்தும் கம்பைல் செய்யத் தேவையான அதன் 'டெவ்' பொதி இல்லையென்றால், அவ்விடத்திலேயே நின்று குறையைப் பெயர் சொல்லித் தெரிவிக்கிறது. பிறகு நிரலைக் கட்டும் 'மேக்' (make) கட்டளை, அதன் பின் கட்டியதைச் சோதிக்கும் 'மேக் செக்'. இந்தக் கடைசிப் பரிசோதனையை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் அநேகர், விடவே கூடாது. ஆர்ஸ்டூடியோ என்னும் பணிச்சூழலில் பயன்படுத்த உத்தேசித்திருப்பவர்கள், ஆரைப் பகிர்வு நூலகமாகக் கட்டும் விருப்பத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

மேக்கில், ஆப்பிள் தரும் கருவிகளில் ஃபோர்ட்ரான் கிடையாதாகையால், அதைத் தனியே தேடிப் பெற வேண்டியிருக்கிறது. ஆனால் என் சிந்தையைக் கவர்ந்த விஷயம் வேறு. ஒன்றுக்குப் பின் 16 பூஜ்யங்கள் கொண்ட எண், அதையடுத்து 1, பிறகு அதே பெரிய எண் கழித்தல் குறியோடு, இந்த மூன்றையும் ஆரில் கூட்டித் தரும் 'சம்' என்னும் செயற்கூறிடம் கொடுத்தால், இன்டெல் சிப் உள்ள லினக்ஸ் 1 என்கிறது. எம்1 சிப் உள்ள மேக் 0 என்கிறது. இடைத்தொகையை 80 பிட் அளவில் ஏந்தும் வசதி முன்னதில் உண்டு; பின்னதில் 64 பிட்டோடு சரி, அதனால் அந்த 1 வழியிலேயே கரைந்துபோகிறது. இரண்டிலும் மூல நிரல் ஓரெழுத்தும் பேதமில்லை. ஆகவே ஆராய்ச்சிக் கட்டுரையில் பதிப்பு எண்ணை மட்டும் குறித்தால் போதாது, சிப்பையும் இயங்குதளத்தையும் குறிப்பது அவசியம் என்று வற்புறுத்துகிறேன்.

விண்டோஸில் கான்ஃபிகர் இல்லை. 'ஆர்டூல்ஸ்' என்னும் கருவித்தொகுப்பை நிறுவி, அதற்குள்ளிருந்தே 'மேக்' (make) கட்டளையை இட வேண்டும். முன்பெல்லாம் தமிழில் ஊர்ப்பெயர்கள் கொண்ட அட்டவணையை அங்கே அச்சிட்டால், எழுத்துகளுக்குப் பதில் யூனிகோடு எண்களே வரிசையாக வந்து நின்று, தமிழ்த் தரவோடு உழைப்பவரைத் துன்புறுத்தின. 2022 ஏப்ரலில் வெளிவந்த 4.2.0 பதிப்பு, புதிய விண்டோஸில் யூடிஎஃப்-8ஐயே இயல்பான குறியாக்கமாக ஏற்றுக்கொண்டதால் அந்த இடர் தீர்ந்தது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் கம்பைல் செய்யாவிட்டாலும், இதன் பொருட்டேனும் உடனே மாற்றிக்கொள்ளலாம்; கம்பைல் செய்து பழக விரும்புகிறவர்கள் லினக்ஸில் தொடங்குவதே உசிதம்.