காலி இடம்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் எதிரே வந்து நிற்கும் யாத்ரிகர்கள் முதலில் யானைகளைக் கண்டு வியக்கிறார்கள். வழிகாட்டி கையை நீட்டிக் காட்டியபின், பின்னங்கால்களில் நிமிர்ந்து முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் புரியும் பூனையையும், அதன் காலடியில் அச்சமின்றித் திரியும் எலிகளையும் கண்டு சிரிக்கிறார்கள். தவக்கோலத்தில் நிற்பவன் அர்ச்சுனனா பகீரதனா என்று பண்டிதர்கள் இன்றுவரை நடத்திவரும் வாதத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்த மண்டபத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் என் கண் சென்று நிலைப்பது நடுவிலுள்ள பிளவில்தான். பாறையில் இயற்கையாக விழுந்திருந்த அந்த வெடிப்பைச் சிற்பி தூர்க்கவில்லை. அதற்குள் நாகர்களை மட்டும் நீந்தவிட்டு, தேவரும் முனிவரும் வேடரும் விலங்கும் இரு புறமிருந்தும் அதை நோக்கியே வருவதாகச் செதுக்கினான். அத்தனை உருவங்களையும் இயக்குவது உருவமில்லாத அந்த ஓர் இடம். சிற்ப சாஸ்திரம் படிக்காத எனக்கு இதைக் காணும் கண்ணைக் கொடுத்தது, செங்கல்பட்டில் என் வீட்டுக் கூடத்தில், தங்கை மகனோடு உட்கார்ந்து ஆடிய ஒரு பழைய வீடியோ கேம்.

அதன் பெயர் மெட்டல் கியர். ஜப்பானில் கோனாமி நிறுவனத்துக்காக ஹிடியோ கோஜிமா என்பவர் 1987-ஆம் ஆண்டில் எம்.எஸ்.எக்ஸ்.-2 என்ற வீட்டுக் கணினிக்கு அமைத்துக் கொடுத்தது; 2023-இல் வெளிவந்த மறுதொகுப்பு ஒன்றில் சேர்க்கப்பட்டதால் இன்றைய பிள்ளைகளின் கைக்கும் எட்டியது. கோஜிமாவிடம் கேட்கப்பட்டது ஒரு யுத்த விளையாட்டு. ஆனால் அந்தக் கணினியிலோ, ஒரே திரையில் பல வீரர்களையும் அவர்கள் சுடும் குண்டுகளையும் சேர்த்து ஓடவிட்டால் உருவங்கள் மங்கி மறைந்துபோகும். ஆகவே எதிரியைச் சுடுவதை விட்டு, அவன் கண்ணில் படாமல் கோட்டைக்குள் புகுந்து செல்வதையே அவர் ஆட்டமாக்கினார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1981-இல், அமெரிக்காவில் சைலஸ் வார்னர் ஆப்பிள்-2 கணினிக்குச் செய்த காசில் வுல்ஃபன்ஸ்டைன் இதே வழியில் முதல் அடிகளை எடுத்து வைத்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும், யந்திரத்தின் ஏழ்மை ஒரு கலையின் லக்ஷணமாக மாறிய அந்த க்ஷணத்தை நினைக்கையில் எனக்கு மெய் சிலிர்க்கிறது. நுணுக்க வேலைக்கு எளிதில் இடங்கொடாத கருங்கல் அல்லவா நம் பல்லவர் காலத்துச் சிற்பிகளையும், நகைகளின் அடர்த்தியை விட்டு, திரண்டு அமைந்த மேனியின் அழகின் பக்கம் திருப்பியது!

ஆட்டம் தொடங்கும்போது வீரனிடம் ஆயுதம் எதுவும் இல்லை. சிகரெட் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. மச்சிலிருந்து முற்றத்தைப் பார்ப்பது போல, சுவர்களும் வழிகளும் நம் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கின்றன. காவலன் ஒருவன் சுவர் ஓரமாக நடக்கிறான், மூலைவரை போகிறான், நிற்கிறான், திரும்புகிறான். அவன் பார்வை நேர்கோட்டில் மட்டுமே செல்லும். அந்தக் கோட்டில் நாம் அகப்பட்டால் அவன் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி எழும். இரண்டு குறிகள் எழுந்தால் துணைக்கு மேலும் ஆட்கள் வந்துவிடுவார்கள். உரைநடைக்காரர்கள் ஒரு நிறுத்தக்குறியை இவ்வளவு பயத்தோடு என்றைக்காவது பார்த்திருப்பார்களா என்று எனக்குத் தோன்றியதுண்டு.

“மாமா, நில்லுங்க... இன்னும் திரும்பல... இப்ப போங்க!” என்பான் மருமகன். அந்த ‘நில்லுங்க’வுக்கும் ‘இப்ப போங்க’வுக்கும் நடுவிலுள்ள இரண்டு மூச்சு நேரத்தில்தான் ரசம் முழுவதும் இருக்கிறது. விரல் பொத்தானின் மேல் இருக்கிறது, அழுத்தவில்லை. காவலன் முதுகைக் காட்டிவிட்டான், ஆனால் எத்தனை அடி போவான் என்று நாம் எண்ணி வைத்திருக்கிறோம். அவன் பார்வை நீங்கிய கணத்தில், அதுவரை நெருப்பாய் இருந்த தரை, அடி வைக்கத் தகுந்த வெறும் தரையாகிவிடுகிறது. எதிரியை அடித்து வீழ்த்தும் ஆட்டங்களில் கண் எதிரியைத் தேடும். இதிலோ, அவன் இல்லாத இடத்தையும், அவன் பாராத திசையையும், அவன் இன்னும் திரும்பாத நேரத்தையும் தேடித் தேடியே கண் பழகுகிறது. அப்படிப் பழகிய கண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போயிருந்தபோதுதான் அந்தப் பிளவு எனக்குத் தெரிந்தது.

பழைய பாணிச் சித்திரத்தைப் பற்றிச் சிறிது. விரலளவு சிப்பாய்கள், சதுரச் சதுரமான புள்ளிகளை அடுக்கிச் செய்த முகங்கள், எண்ணிவிடக்கூடிய அளவே நிறங்கள். இன்று எத்தனையோ இளைஞர்கள், மகத்தான யந்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டே, வேண்டுமென்று இந்தப் புள்ளிச் சித்திரத்தில் புதிய ஆட்டங்களைச் செய்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அது பிள்ளைப் பிராயத்து ஞாபகத்தை விற்கும் உபாயம் மட்டுமே என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒளிந்து செல்லும் ஆட்டத்துக்கு மட்டும் இந்தப் பாணி பொருந்துவதுபோல வேறெதுவும் பொருந்துவதில்லை. காவலனின் சட்டையில் எத்தனை மடிப்பு என்பது நமக்கு வேண்டாம். அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பது ஐயமறத் தெரிய வேண்டும். நிழலும் புகையும் மழைத்தாரையுமாகத் தீட்டப்பட்ட இந்நாளைய திரைகளில் அகப்பட்டுக்கொண்டு, என்னை எவன் எங்கிருந்து பார்த்தான் என்பதே தெரியாமல் நான் தோற்றிருக்கிறேன். அந்தத் தோல்வியில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. புள்ளிச் சித்திரத்தில் தோற்றால் பிழை நம்முடையது என்று உடனே தெரிகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. கோட்டையின் கதவுகளுக்கு எட்டு வகை அட்டைகள் உண்டு. எந்தக் கதவுக்கு எது என்று ஒவ்வொன்றாக எடுத்து நுழைத்துப் பார்ப்பதற்குள் அலுத்துவிடுகிறது. நேர்கோட்டுக்கு ஓரடி தள்ளி நின்றாலும் காவலனுக்குத் தெரியாமல் போவது என்ன நியாயம் என்று மருமகன் கேட்டான். அது குறையன்று, சம்பிரதாயம் என்றேன். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் இருவர் பிடித்த திரைக்குப் பின்னே வேஷக்காரர் நின்று பாடுகையில், மேலே கிரீடம் தெரிகிறது, கீழே சலங்கைக் கால் தெரிகிறது. ஆயினும் அவர் இன்னும் வரவில்லை என்று சபை முழுவதும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. திரை விலகும்போதுதான் துரியோதனன் வருகிறான். கண்டும் காணாதிருக்கும் அந்த உடன்பாடு இல்லாமல் கூத்தும் இல்லை, இந்த ஆட்டமும் இல்லை.

இன்னொரு நயம், மாமல்லபுரத்துக்காரர்களுக்கென்றே செய்யப்பட்டது போலிருக்கிறது. வழி அடைபட்ட இடத்தில் வீரன் சுவரைக் குத்திப் பார்க்கலாம். கெட்டியான சுவர் ஒரு விதமாகவும், பின்னே அறையுள்ள சுவர் வேறு விதமாகவும் ஒலிக்கும். பொள்ளலான இடத்தைக் கண்டுகொண்டு வெடி வைத்துத் திறக்கலாம். 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியின் அக்கம்பக்கத்திலும், கடற்கரை போகும் சாலையின் பட்டறைகளிலும் ஸ்தபதிகள் கல்லைத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. சுத்தியால் தட்டிக் காது கொடுக்கிறார்கள். நாதம் கணீரென்று எழுந்தால் ஆண் கல், மெல்லென எழுந்தால் பெண் கல், நாதமே இல்லாவிட்டால் நபும்சகக் கல். கண்ணுக்குத் தெரியாத உள்ளை ஓசையால் அறியும் அந்த வித்தையை, ஒரு ஜப்பானியர் பொத்தான் ஆட்டத்துக்குள் வைத்திருக்கக் கண்டபோது, மருமகனைக் கூப்பிட்டு அந்தச் சுவரை மறுபடி மறுபடி குத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இத்தனையும் அனுபவித்தபின் எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் ஆயா வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. அந்தத் திண்ணையில் சாக்கட்டியால் கோடு கிழித்து, புலிக்கு 3 செங்கல் சில்லும் ஆட்டுக்கு 15 புளியங்கொட்டையும் வைத்து, மத்தியான நேரமெல்லாம் ஆடு புலி ஆட்டம் ஆடியிருக்கிறோம். ஆயா எனக்கு எப்போதும் ஆட்டையே கொடுப்பார். “ஒண்டியா வெக்காதடா, பின்னால தொணை இருக்கணும்” என்பது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே யுத்த சாஸ்திரம்.

அந்தப் பலகையை ஒரு முறை எண்ணிப் பார்த்தால் அதன் மேதாவிலாசம் விளங்கும். உச்சியிலிருந்து நான்கு சாய்கோடுகள் இறங்கி அடிக்கோட்டில் முடிகின்றன. அவற்றை மூன்று கிடைக்கோடுகள் வெட்டி இரு புறமும் நீண்டு, ஓரங்களில் நெட்டுக்கோட்டால் இணைகின்றன. உச்சியில் 1, கிடைக்கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4. ஆக 23 புள்ளிகள். ஆடும் புலியும் முழுவதும் இறங்கிவிட்டால் 18 இடம் நிரம்பிவிடும். மிச்சம் ஐந்தே ஐந்து. ஆட்டம் முழுவதும் அந்த ஐந்து வெற்றிடங்களைப் பற்றியதுதான். புலி ஆட்டை வெட்ட வேண்டுமானால் ஆட்டுக்கு அப்பால், அதே கோட்டில், காலியான ஓர் இடம் இருக்க வேண்டும். பின்னே இன்னொரு ஆடு நின்றால் புலி வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பலகையின் ஓரங்களில் ஆட்டை எக்காலமும் வெட்ட முடியாத ஏழு முனைகள் உண்டு: உச்சியும், இரு புறத்து ஓரக்கோடுகளின் நான்கு மூலைகளும், அடிக்கோட்டின் இரு நுனிகளும். அவற்றுக்கு அப்பால் புலி குதித்து இறங்க இடமே இல்லை. ஏழு ஆடுகளை அங்கே பத்திரமாக வைத்துவிடலாம். ஆனால் ஆடுகளோ பதினைந்து. எல்லாம் இறங்கி முடியும்வரை வைத்த ஆட்டை நகர்த்தவும் கூடாது. புலிகள் மட்டும் தம் பாட்டுக்கு உலாவிக்கொண்டிருக்கும். எஞ்சிய எட்டு ஆடுகளும் அவற்றின் கண் முன்னே, வெட்டவெளியில்தான் இறங்கியாக வேண்டும்.

2022-இல் நாற்பத்து நான்காவது சதுரங்க ஒலிம்பியாட், ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் பூஞ்சேரியில் நடந்தது. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் வந்து இறங்கியதை நானும் பெருமிதத்தோடுதான் பார்த்தேன். சதுரங்கத்தின் உயர்வைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அங்கே இரு தரப்புக்கும் பதினாறு பதினாறு காய், சமமான படை, வெட்டுக்கு வெட்டு. ஆடு புலியில் ஆடு, முதலிலிருந்து முடிவுவரை ஒரு புலியையும் வெட்டுவதில்லை. அதற்கு அந்த அதிகாரமே இல்லை. நின்று, நெருங்கி, துணை சேர்ந்து, புலி கால் வைக்க ஓர் இடமும் இல்லாமல் செய்துவிடுகிறது. நேபாளத்தில் 4 புலியும் 20 ஆடுமாக ஆடப்படும் பாக்-சாலும் இதன் உறவுதான். கையில் ஆயுதமில்லாதவன் இடத்தை மட்டும் அறிந்து வெல்வதென்ற எண்ணம் இமயமலை அடிவாரத்திலும் எங்கள் திண்ணையிலும் வேரூன்றியிருந்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த சந்தோஷம் தருகிறது.

திரை, பலகை என்ற இந்த இரண்டு உலகமும் ஒன்றையொன்று தொட்ட இடம் ஒன்று உண்டு. 2014-இல் ஸ்கொயர் எனிக்ஸ் மாண்ட்ரியால் நிறுவனம் வெளியிட்ட ஹிட்மேன் கோ என்ற ஆட்டத்தில் திரையே பலகையாகிவிட்டது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். அவற்றின் மேல் பொம்மைக் காய்களாக மனிதர்கள். நாம் ஓரடி வைத்தால் காவலரும் ஓரடி வைப்பார்கள். காவலனுக்கு நேர் முன்னே உள்ள புள்ளியில் அடி வைத்தால் அகப்பட்டோம். வீழ்த்தப்பட்ட காய்கள் பலகைக்குப் பக்கத்தில், வெட்டுண்ட ஆட்டைத் திண்ணை ஓரம் ஒதுக்கி வைப்பதுபோலவே வைக்கப்படுகின்றன. கூலிக்குக் கொலை செய்பவன் கதாநாயகன் என்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் கோட்டின் மேல் காய் நகரும் அந்தச் சுத்தமான அமைப்பை முதன்முதலில் பார்த்தபோது, ஆயா இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமலே விளங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

போன மாதம் மருமகனை சாளுவன்குப்பத்துக்கு அழைத்துப் போனேன். அங்குள்ள குடைவரைக்குப் புலிக்குகை என்று பெயர். பாறையில் வாய் பிளந்து சூழ நிற்பவை யாளி முகங்கள், மொத்தம் 11. அவை வெளியே பார்த்து நிற்க, நடுவே குடைந்தெடுத்த மாடம் காலியாக இருக்கிறது. அவன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுங்க எல்லாம் முன்னாடி மட்டும்தான் பாக்குது மாமா” என்றான்.

பாறைக்கு அப்பால் சவுக்கு நிழலில், கடற்காற்று படாத ஓரிடம் பார்த்து, ஈர மணலில் குச்சியால் கோடு கிழித்தோம். மூன்று கிளிஞ்சல் புலி. பதினைந்து சவுக்குக் காய் ஆடு. புலியை அவனுக்குக் கொடுத்தேன். அவன் ஆடுகிற வேகத்துக்கு நடுவே நான் நான்கு மூலைகளையும் முதலில் அடைத்தேன்; பிறகு அடிக்கோட்டின் இரு நுனிகளையும். புலிகள் மூன்றும் நடுவுக்கு இறங்கி வந்து நின்றதும், காலியான உச்சியையும் அடைத்தேன். “வைங்க மாமா” என்றான். எட்டாவது காயை எடுத்த என் கை பலகைக்கு மேலேயே சற்று நேரம் நின்றுகொண்டிருந்தது.