மாட்டுக்கு ஆகும், செம்மறிக்கு ஆகாது

செம்பனைக் கொட்டையில் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் புண்ணாக்கை ஒரு கைப்பிடி அள்ளி விரலிடையே தேய்த்துப் பாருங்கள். மணல் போல நறநறக்கும். அரைபடாத ஓட்டுத் துணுக்குகள் அவை. கருகிய தேங்காய் வாசம் லேசாக அடிக்கும். தோட்டத்து லயத்தில் இருந்தவரை நம்மவர்கள் புல்லறுத்துப் போட்டு மாடு வளர்த்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் புல் இருந்த இடமெல்லாம் வீடமைப்புப் பகுதியும் நெடுஞ்சாலையுமாக ஆனபிறகு, கொட்டகையில் புல்கட்டு இருந்த மூலைக்கு இந்தப் பழுப்புத் தூள் மூட்டை வந்து சேர்ந்தது. பி.கே.சி. (பாம் கெர்னல் கேக்) என்றால் எல்லாருக்கும் தெரியும்.

குறை சொல்லுமுன் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உள்ளூர்ச் சரக்கு, விலை மலிவு, புரதம் 14 முதல் 18 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி மன்னான் வகை நார். கோழிக்குப் போட்டால் பெரும்பாலும் எச்சமாகவே வெளியே வரும். மாட்டுக்கும் அதைச் செரிக்கும் சக்தி சொந்தமாகக் கிடையாது. அசைபோடும் முதல் இரைப்பையான ரூமனில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் அந்த வேலையைச் செய்கின்றன. வளர்ந்த மாட்டின் ரூமன் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள். கூடவே ஓரணு உயிரிகள், பூஞ்சைகள். காற்றில்லாத அந்த இருட்டிலும் பூஞ்சை வாழ்கிறது என்று காலின் ஆர்பின் 1975-இல் ஒரு செம்மறியாட்டின் ரூமனைக் கொண்டு நிறுவினார். அவர் பெயரைத் தாங்கிய ஆர்பினோமைசெஸ் பேரினத்தில் புதிய இனம் ஒன்றை, மாட்டின் ரூமனிலிருந்து, 1994-இல் விவரித்தவர் ஹோ யின் வான். இடம் செர்டாங் வேளாண் பல்கலைக்கழகம், இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். இந்தப் பூஞ்சைகள் வேர்போன்ற இழைகளை நாருக்குள் செலுத்திப் பிளந்து தருகின்றன. பாக்டீரியாக்கள் அந்த வழியாக உள்ளே நுழைகின்றன.

இன்னொரு நல்ல குணம், இந்தப் புண்ணாக்கில் மாவுச்சத்து மிகக் குறைவு. அதன் அருமை மாட்டுப் பொங்கலன்று தெரியும். ஆசையாகச் சோற்றையும் பொங்கலையும் ஆளுக்கொரு வாளி ஊட்டிவிடுகிறோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது பெருவிருந்து. சில மணி நேரத்தில் அது பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். நார் செரிக்கும் கூட்டம் அந்தப் புளிப்பில் மடியும். மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்கு ஒவ்வொரு ஜனவரியும் பழக்கப்பட்ட காட்சி. பி.கே.சி. மூட்டை இந்தக் கொடுமையைச் செய்யாது. பக்தியைவிடப் புண்ணாக்கு பத்திரம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் அதுதான் உண்மை.

சிக்கல் செம்மறியில் தொடங்குகிறது. இந்தப் புண்ணாக்கில் கிலோவுக்கு 20 முதல் 50 மில்லிகிராம் வரை செம்பு உண்டு. மாடு தாங்கும். செம்மறியின் மொத்தத் தீவனத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டினாலே எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் உள்ளே போன செம்பை வெளியேற்ற அதற்குச் சரியாக வராது. மாதக்கணக்கில் ஈரலில் சேரும். ஆடு கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஒருநாள் ஈரல் அதை இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், இரண்டொரு நாளில் ஆடு போய்விடும். நேற்றுவரை நன்றாக இருந்ததே, பாம்பு தீண்டியிருக்குமோ என்பார் சொந்தக்காரர்.

இதிலும் வயிற்றுக் குடியிருப்பாளர்களுக்குப் பங்குண்டு. ரூமன் பாக்டீரியாக்களும் ஓரணு உயிரிகளும் உண்டாக்கும் சல்பைடு, செம்பைப் பிடித்து உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஓரணு உயிரிகளை அகற்றிய செம்மறிகளின் ஈரலில் செம்பு கூடுதலாகச் சேர்வதும் தெரிந்த செய்தி. செக்கில் பிழிந்த புண்ணாக்கில் எண்ணெய் கொஞ்சம் தங்கும். அந்த எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அந்த அமிலத்துக்கு ஓரணு உயிரிகளைக் கண்டால் ஆகாது. ஆகச் செம்பையும் கொடுத்து, அதைத் தடுக்கும் காவல்காரனையும் இந்தத் தீவனம் அடித்துப்போடுகிறது என்பது என் ஊகம்.

மருந்து இல்லாமல் இல்லை. துத்தநாகம் சேர்த்தால் செம்மறிக்குப் பாதுகாப்பு என்று செர்டாங்கில் ஹயர் பெஜோவும் அலிமோனும் 1995-இலேயே எழுதினார்கள். செம்மறித் தீவனத்தில் புண்ணாக்கு 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, இறைச்சி மாட்டுக்கு 80 வரை போகலாம் என்ற பரிந்துரையும் பழையதுதான். என் குறை அந்த எண்ணைப் பற்றியதல்ல. 30 என்று சொன்னவர் மீதி 70-க்கு வேறொன்று கையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். புல்லுக்கு இடமில்லை என்பதால்தானே மூட்டையே வாங்கினோம்? செம்பனை மட்டையை நறுக்கிப் புளிக்கவைத்துக் கொடுக்கலாம் என்று செர்டாங்கிலுள்ள மார்டி வேளாண் ஆய்வு நிறுவனம், ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து காட்டியிருக்கிறது. மட்டை தோட்டத்தில் கிடக்கிறது. நறுக்கும் இயந்திரம் பத்து ஆடு வைத்திருப்பவருக்கு எட்டும் விலையில் இல்லை.

மாட்டுக்கும் மூட்டை மட்டும் போதாது. தூளை அசைபோட முடியுமா? நீளமான நார் இருந்தால்தான் மாடு அசைபோடும், நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும், அந்த எச்சிலின் சோடா உப்புதான் ரூமனின் புளிப்பைத் தணிக்கும். நம் புண்ணாக்கைக் கப்பல் கப்பலாக வாங்கும் நியூசிலாந்திலும் அளவு மீறினால் பாலின் கொழுப்பே மாறுகிறது என்று கண்டு, 2018 முதல் பொன்தேரா நிறுவனம் அப்படிப்பட்ட பாலுக்கு விலையைக் குறைக்கிறது. தீவனத்தை மாற்றுவதென்றால் இரண்டு மூன்று வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், நுண்ணுயிர்க் கூட்டம் புதியதற்குப் பழக அவ்வளவு நாளாகும். மூட்டை தீர்ந்த அன்று சோயா சக்கை, சக்கை கிடைக்காத அன்று பழைய ரொட்டி என்று ஓட்டுபவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

கிள்ளானில் மாடும் செம்மறியும் ஒரே கொட்டகையில் வைத்திருக்கும் நண்பரிடம் தொட்டியையாவது இரண்டாகப் பிரியுங்கள் அண்ணே என்றேன். "பிரிச்சுத்தான்யா வச்சிருக்கேன். இதுங்க வேலிக்கு அடியில பூந்து மாட்டுத் தொட்டியிலதான் வாய வைக்குதுங்க" என்றார்.