யாருக்கான இந்தி?

வயது வந்தபின் இந்தி கற்க விழையும் தமிழரின் தொகை நம் மத்தியிற் பெரிதன்று. ஆயினும் பிரேம்சந்தை மூலமொழியிலேயே படிக்க விரும்பும் ஆசிரியர்களும், வட இந்திய மக்களின் வாழ்வை அவர்தம் வாய்மொழியாலேயே அறிய அவாவும் மாணவர்களும் இருக்கின்றனர். அவர்கள் கேட்கும் வினா ஒன்றே: எந்தப் பாடநெறி நல்லது? முப்பது நாளில் மொழியைக் கைவசமாக்கித் தருவதாக விளம்பரங்கள் விடை கூறுகின்றன. ஒரு பாடநெறியின் தரத்தை நாள்களின் கணக்கால் அளத்தல் இயலாது. அது யாரை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது என்பதையே நாம் முதலில் நோக்குதல் வேண்டும்.

இன்று கிடைக்கும் தரமான நூல்களுட் பல ஆங்கிலத்தின் வாயிலாக இந்தி கற்போர்க்கென எழுதப்பட்டவை. 1972இல் வெளிவந்த மக்கிரகரின் இலக்கண நூலும், ரூபர்ட் ஸ்னெல், சைமன் வெயிட்மன் ஆகிய இருவரும் எழுதி 1989இல் வெளிவந்த 'டீச் யுவர்செல்ஃப்' வரிசை நூலும் அத்தகையன. அவற்றின் புலமையில் ஐயமில்லை. தனித்துக் கற்கும் ஒருவர் அவற்றை நம்பிக் கையிலெடுக்கலாம். ஆனால் ஆங்கிலேயருக்கு மலையாய் நிற்பது தமிழருக்குச் சமதரையாய் இருத்தல் கூடும். வினை வாக்கியத்தின் இறுதியில் வரும், உருபு பெயருக்குப் பின்னே நிற்கும் என்பவற்றை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 'முஜே மாலூம் ஹை' என்பது 'எனக்குத் தெரியும்' என்பதே. உருபுகூட நான்காம் வேற்றுமையாகவே அமைந்திருக்கிறது. 'லிக் தோ' என்றால் 'எழுதிக் கொடு'. 'தேக் லோ' என்றால் 'பார்த்துக்கொள்'. 'ஜாகர்' என்பது 'போய்' என்னும் நமது வினையெச்சம். இந்தியாவை ஒரு மொழியியற் பிரதேசமாக நோக்கி எமனோ 1956இல் எழுதிய கட்டுரை இத்தகைய ஒற்றுமைகள் பற்றிய ஆய்வுக்குப் பெரிதும் வழிவகுத்தது. குடும்பத்தால் வேறுபட்ட மொழிகள் ஒரே மண்ணிற் பல நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்ததன் விளைவு இது. இந்தச் செல்வத்தைத் தமிழ் மாணவன் ஆங்கிலத்தின் வழியே சுற்றிவந்து பெறவேண்டியிருப்பது விசித்திரமே.

அப்படியாயின் தமிழ்மூலம் இந்தி கற்பிக்கும் மலிவுப் பதிப்புகளே நமக்கு உகந்தவை எனலாமோ? அதுவும் இல்லை. நமது உண்மையான இடர்ப்பாடுகளை அவற்றுட் பல மூடி மறைத்துவிடுகின்றன. காலம், தோல், கன்னம் ஆகிய மூன்றையும் குறிக்கும் மூன்று வெவ்வேறு இந்திச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதினால் மூன்றும் 'கால்' என்றே ஆகும். ககர வரிசையில் இந்திக்கு நான்கு வல்லெழுத்துகள், நமக்கோ ஒன்றே. எழுத்தின் தலையில் எண்களை இட்டு இக்குறையை நிரப்ப முயல்வதைக் காட்டிலும், தேவநாகரியை முதல் வாரத்திலேயே கற்பித்துவிடுவது எளிது, நேர்மையானதும்கூட. (இக்கட்டுரையிலும் நாம் இந்திச் சொற்களைத் தமிழெழுத்திலேயே தருகிறோம். அவற்றின் ஒலியை இதிலிருந்து எவரும் கற்க முயல வேண்டாம்.)

அடுத்தது பால். உயர்திணை, அஃறிணை என்று பொருளை நோக்கிப் பகுத்துப் பழகிய நமக்கு, நூலைக் குறிக்கும் 'கிதாப்' பெண்பாலாகவும் 'கிரந்த்' ஆண்பாலாகவும் இருப்பது திகைப்பையே தரும். இறந்தகாலத்தில் நிலைமை இன்னும் சிக்கலாகின்றது. 'ராம் நே ரோட்டீ காயீ' என்னும் வாக்கியத்தில் உண்டவன் ஆண், வினையோ பெண்பால். உண்ணப்பட்ட ரொட்டி பெண்பாலாதலின் வினை அதனைத் தழுவுகின்றது. 'சீதா நே ஆம் காயா' என்பதில், மாம்பழம் ஆண்பாலாதலின், உண்டவள் பெண்ணாயிருந்தும் வினை ஆண்பாலாயிற்று. தமிழருக்கென எழுதப்படும் நூல் நாற்பது பக்கங்களைச் செலவிடவேண்டிய இடம் இதுவே. நாம் பார்த்த மலிவு நூல்கள் இதனை ஓரிரு பக்கங்களிற் கடந்துவிடுகின்றன. கைத்தொலைபேசிச் செயலிகளோ விதியைக் கூறாது வாக்கியங்களை மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. காரணம் கேட்டுப் பழகிய வயதுவந்தோருக்கு அது போதாது.

பரீட்சைவழி கற்றல் வேறொரு பாதை. காந்தியடிகள் 1918இல் சென்னையில் தொடக்கிவைத்த தட்சிண பாரத இந்திப் பிரசார சபை 'பிராத்மிக்' முதல் 'பிரவீண்' வரை படிப்படியான தேர்வுகளை வகுத்தது. ஒழுங்கை நாடுவோர்க்கு அது பயன்படும். ஆனால் சான்றிதழுக்காகக் கற்ற மொழி எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பதை இந்நாட்டு ஆசிரியர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர் தமிழ் உத்தியோகத்தர் உத்தியோகத்தைக் காக்கும்பொருட்டுச் சிங்களப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். அயலவரின் மொழி அவர்க்கு அச்சத்தின் மொழியாகவே வந்து சேர்ந்தது. தமிழகத்தில் 1938இலும் 1965இலும் மூண்ட எதிர்ப்பும் திணிப்புக்கு எதிராகவே எழுந்தது. ஒருவர் தாமே விரும்பிக் கற்பதை அதனோடு குழப்புதல் தகாது.

பாடநெறி கற்பிப்பது எந்த இந்தி என்பதும் கேட்கப்படவேண்டும். சொல்வளத்துக்கு முதன்மையாகச் சமஸ்கிருதத்தை நாடுமாறு இந்திய அரசியலமைப்பின் 351ஆம் உறுப்புரை பணிக்கின்றது. அலுவலக இந்தி அவ்வழியே வளர்ந்தது. சந்தையிலும் ஆலைவாயிலிலும் வழங்குவதோ உருதுவோடு பிரிக்கவொண்ணாதபடி கலந்த மொழி. பிரேம்சந்த் எழுதத் தொடங்கியதே உருதுவில். அவருடைய 'சேவாசதன்' முதலில் உருதுவில் எழுதப்பட்டு, இந்தியில் முன்னதாக வெளிவந்தது. பாரசீகச் சொற்களைக் களைந்துவிட்டுப் 'புனித' இந்தியைப் போதிக்கும் நூலைப் படித்தவர், 1936இல் லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை வகித்த அவ்வெழுத்தாளரையே படிக்க இயலாது தவிப்பார்.

பாடநூல்களின் உரையாடல்களையும் சற்றே உற்றுநோக்குக. இந்துஸ்தானியைப் பிரித்தானிய அதிகாரிகளுக்குக் கற்பித்த பழைய கைந்நூல்களில் ஏவல் வினை மிகுந்திருந்தது. பணியாளரை ஏவுவதற்கே அவர்க்கு மொழி வேண்டியிருந்தது. அக்குரல் இன்னும் முற்றாக மறையவில்லை. உல்லாசப் பிரயாணி விலை பேசுகிறான். வீட்டு எஜமானி தேநீர் கொண்டுவரச் சொல்கிறாள். ரிக்ஷா இழுப்பவர் 'தும்' என விளிக்கப்படுகிறார், வாடிக்கையாளரோ 'ஆப்' ஆகிறார். 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மூன்றையும் வெறும் மரியாதைப் படிகளென்று கூறி, யார் யாரை எவ்வாறு விளிக்கின்றனர், ஏன் விளிக்கின்றனர் என்பதை விளக்காத பாடநெறி இலக்கணத்தையும் முழுமையாகக் கற்பித்ததாகாது.

கொழும்பில் இந்தியப் பண்பாட்டு நிலையத்தின் வகுப்புகளும் களனிப் பல்கலைக்கழகத்தின் இந்தித் துறையும் உள்ளன. எங்கே சேர்வதாயினும், முதல் நாளிலேயே ஆசிரியரிடம் ஒன்றைக் கேட்டறிதல் நன்று: எத்தனை மாதங்களில் ஒரு முழுக் கதையைப் படிப்போம்? 'ஈத்கா'வைப் படிப்பதே நமது பரிந்துரை. திருவிழாவிற்குச் சென்ற ஏழைச் சிறுவன் ஹாமித், பொம்மையோ மிட்டாயோ வாங்காது, ரொட்டி சுடுகையில் விரல் சுட்டுக்கொள்ளும் பாட்டிக்கு இடுக்கி ஒன்றை வாங்கி வருகிறான். வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் அன்றாடம் வழங்குபவை. மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர், நல்ல வழிகாட்டல் வாய்ப்பின், ஆறு மாதத்தில் அகராதியின் துணையுடன் அதனைப் படித்துவிடலாம் என்பது நமது மதிப்பீடு. தொல்காப்பியம் கற்ற தமிழ்ப் பட்டதாரிகள் பலர் நம்மிடையே உளர். அவருள் இந்தி அறிந்தோரும் சிலர் உளர். தமிழிலக்கணத்தையே படியாகக் கொண்டு இந்திக்கு இட்டுச்செல்லும் நூலொன்றை அவர்கள் எழுதுவார்களாயின், இம்மதிப்பீட்டிலிருந்து இரண்டு மாதங்களைக் குறைத்துவிடலாம்.