விண்கலச் சுடுவிளையாட்டும் ஆடுவோர் மதிப்பீடும்
(வடசென்னை வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு)

நூலைக் கற்றோர் அதனைப் பற்றிக் கூறும் முடிபைத் திறனாய்வு என்கிறோம். ஆட்டத்தை ஆடினோர் அதனைப் பற்றிக் கூறும் முடிபை அவ்வாறு சொல்ல ஒருப்படுவதில்லை. அது பொழுதுபோக்குப் பேச்சு என்று ஒதுக்கப்படுகிறது. தொல்காப்பியனாரோ உவகை பிறக்கும் நிலைக்களன்களைச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்காக வகுத்தார். அறிவுடைமையாகிய புலனையும் விளையாட்டையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணிய மரபு நம்முடையது. ஆகவே விளையாட்டின்கண் தோன்றும் உவகையை ஆடுவோர் எவ்வாறு எடைபோடுகின்றனர் என்று ஆராய்வது இத்துறைக்குப் புறம்பாகாது என்பது எம் துணிபு.

யாம் இங்கு எடுத்துக்கொண்டவை விண்கலச் சுடுவிளையாட்டுகள். திரையின் அடியில் ஒரு கலம் நிற்கும். ஆடுவோன் அதனை இடமும் வலமும் நகர்த்தி, மேலிருந்து வரும் பகைக் கலங்களைச் சுட்டு வீழ்த்துதல் வேண்டும். இவ்வகைக்கு வழிகாட்டியது ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தார்க்காகத் தொமோகிரோ நிசிகாதோ 1978-இல் ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ். நாம்கோ நிறுவனத்தின் கேலக்சியன் 1979-இலும் கலாகா 1981-இலும் தோன்றின. மூன்றும் பொதுவிடங்களில் நாணயமிட்டு ஆடும் பெட்டிகளாகப் பிறந்து, பின்னர் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் வீட்டுக் கருவிக்கு மாற்றப்பெற்றன. அக்கருவியைப் பார்த்துச் செய்த மலிவான போலிகளே 1990-களில் நம் நாட்டு இல்லங்களிற் புகுந்தன.

வடசென்னைக்கு இவை வந்த வழியும் நோக்கத்தக்கது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்க்கு வாழ்வளிக்க 1969-இல் ஏற்பட்ட பர்மா பசார், துறைமுகத்தின் எதிரே, கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்து நிற்கிறது. அயல்நாட்டு மின்கருவிகளுக்குப் பெயர் பெற்றிருந்த கடைத்தெரு அது. இராயபுரத்தார்க்கும் திருவொற்றியூரார்க்கும் எண்ணூரார்க்கும் எட்டும் தொலைவில் உள்ளது. போலிக் கருவிகளோடு வந்த ஆட்டப் பேழைகளை மக்கள் ‘கேசட்’ என்றே வழங்கினர். பாட்டுப் பதிந்த நாடாவைக் குறித்த சொல் பொருள் விரிந்து ஆட்டப் பேழைக்கும் ஆயிற்று.

அப்பேழைகளின் இயல்பு ஏட்டுச்சுவடி ஆராய்வோர்க்கு வியப்பளிக்கும். ஒரே பேழையுள் பல ஆட்டங்கள் அடைக்கப்பட்டிருக்கும். ஆயிரக்கணக்கில் உள்ளன என்று உறையில் அச்சிட்டிருப்பினும், சிலவே வேறு வேறு பெயர்களோடு மீண்டும் மீண்டும் வரும். ஆக்கியோன் பெயர் பலவற்றில் நீக்கப்பட்டிருக்கும். விளக்கக் குறிப்பும் இராது. பாயிரம் சிதைந்து, ஆசிரியன் பெயர் மறைந்து, பாட வேறுபாடுகளோடு கிடைத்த ஏட்டைப் பயின்றவர் நிலையே அவற்றை ஆடியோர் நிலையும். ஆசிரியன் புகழோ பிறர் மதிப்புரையோ அவர்தம் கருத்தை முன்கூட்டி வளைக்கவில்லை. விதிகளை ஆடியே உய்த்துணர்ந்தனர். இதனாலேயே அவர்தம் கூற்றுகள் ஆராய்ச்சிக்கு அருமையான கருவியாகின்றன.

இன்னொன்றும் கருதுதற்குரியது. ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு கருவி, சுற்றிலும் பலர் என்பதே அன்றைய நிலை. கலாகா போன்றவற்றில் ஒருவன் கலம் அழிந்தவுடன் அடுத்தவன் முறை வரும். எனவே ஆடுவோனைக் காட்டிலும் காத்திருப்போன் கூர்ந்து நோக்கினான். கேரம் பலகையைச் சுற்றி நின்று ஒவ்வோர் அடியையும் எடைபோடும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று பொற்பதக்கங்கள் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பகுதியினர் என்பதை அறிவோம். பலகையருகே பழகிய கண் திரையருகேயும் அமர்ந்தது என்க.

இனி, ஆடியோர் கூற்றுகளை வகைப்படுத்தி ஆராய்வாம். அவை பெரும்பான்மையும் நான்கனுள் அடங்கும்.

முதலாவது, பழைய ஆட்டமே சிறந்தது, இன்றைய ஆட்டங்கள் அதற்கு ஈடாகா என்பது. இன்று நாற்பதைக் கடந்தோரிடம் மிகுதியாகக் கேட்கப்படுவது இதுவே. எண்ணூரில் 1970-இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதன் புகைபோக்கிகளைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு அக்காலத்துப் பொருள் எதுவும் இனிதாகத் தோன்றுதல் இயல்பே. ஆயின் இஃது ஆட்டத்தின் புகழ்ச்சியன்று, இளமையின் புகழ்ச்சி. ஒரு கூற்று மதிப்பீடு ஆகுமா என அறிய எளிய அளவுகோல் ஒன்றுண்டு. அக்கூற்றில் ஆட்டத்தின் பெயரை நீக்கி, பம்பரம் என்றோ காற்றாடி என்றோ பெய்து பார்க்கலாம். அப்போதும் பொருள் கெடாது நிற்குமாயின், அது திறனாய்வு அன்று.

இரண்டாவது, திரும்பத் திரும்ப ஒன்றே வருகிறது, விடாது பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை என்னும் குறை. இன்றைய இளைஞர் பலர் கூறுவது இது. இதன் முற்பகுதியை மறுத்தற்கில்லை. கேலக்சியனில் ஒரே அணிவகுப்பு ஓயாது மீள்கிறது. பிற்பகுதியோ பிழை. அவ்வாட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு கணையே திரையில் இருக்க இயலும். விடுத்த கணை பகையைத் தாக்கும் வரையில், அல்லது திரையின் மேலெல்லையைக் கடக்கும் வரையில், மறுகணை இல்லை. எனவே குறி தவறியவன் வெறுங்கையனாய்ச் சிறிது நேரம் நிற்கிறான். அண்மையில் வந்த பகையைத் தவறாது சுட்டவனோ உடனே மறுகணை பெறுகிறான். பொத்தானை வீணே அழுத்துவோனை ஒறுக்கும் ஆட்டம் இது. செய்யுளின் எதுகையை மட்டும் கண்டு, பொருளைக் காணாது சலிப்புற்றவன் கூற்றை ஒத்தது இக்குறை.

மூன்றாவது, பகைவர் சிலராகக் குறையுந்தோறும் சினம் மிகுந்து விரைகின்றனர் என்பது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆடியோர் கூறுவது இது. ஐந்து வரிசையில் வரிசைக்குப் பதினொன்றாக 55 பகைவர் தோன்றுவர். அத்தனை உருவங்களையும் வரைந்து நகர்த்த அக்காலத்துக் கணிப்பொறி திணறியது. உருவங்கள் குறையக் குறைய அதன் சுமை குறைந்தது, எஞ்சியவை விரைந்தன. கருவியின் குறையால் நேர்ந்த இவ்விரைவு ஆட்டத்திற்குச் சுவை தருவதைக் கண்ட நிசிகாதோ அதனை அவ்வாறே விட்டுவைத்தார். ஆடியோர் இக்காரணத்தை அறியார். இயல்பாக நிகழ்ந்ததன்மேல் சினத்தை ஏற்றி உரைத்தனர். அணியிலக்கணத்தார் தற்குறிப்பேற்றம் என்பது இதனையே. காரணத்தை அறியாமை குற்றமாயினும், விளைவை உணர்ந்தமை நுட்பம். ஆக்கியோன் எச்சுவையைக் கருதி அக்குறையைப் பேணினாரோ, அச்சுவையை ஆடியோர் தவறாது பெற்றனர்.

நான்காவது, கலாகாவைப் பற்றிய ஒரு வழக்கு. தலைமைப் பகைக்கலம் ஒளிக்கற்றையை வீசி ஆடுவோன் கலத்தைக் கவர்ந்துகொள்ளும். அவனிடம் வேறு கலம் எஞ்சியிருப்பின், கவர்ந்த பகை கீழ்நோக்கிப் பாயும்பொழுது அதனை வீழ்த்தி இழந்ததை மீட்கலாம். மீண்ட கலம் இருக்கும் கலத்தோடு இணைந்து நிற்கும். கணைகள் இரட்டிக்கும், பகைவர் தாக்குதற்குரிய அகலமும் இரட்டிக்கும். ஆகவே வேண்டுமென்றே ஒரு கலத்தைப் பறிகொடுத்தல் அறிவுடைமையா என்பதில் ஆடுவோர் இரு கட்சியாவர். கையிலிருப்பதை விட்டுப் பின்னர் வருவதை நம்புவது பேதைமை என்பது ஒரு கட்சி. இரட்டைக் கலம் இன்றி மிகுபுகழ் எண்ணிக்கை எய்தல் அரிது என்பது மறுகட்சி. குறி தவறாதவனுக்குப் பின்னது பொருந்தும், பழகாதவனுக்கு முன்னது பொருந்தும் என்பது எம் முடிபு. அதனினும் மேலானது இவ்வழக்கு நிகழும் முறை. இரு கட்சியாரும் ஆட்டத்தின் உள்ளமைதியிலிருந்தே சான்று காட்டுகின்றனர். விருப்பு வெறுப்பு நீங்கிப் பொருளின் இயல்பைக் கொண்டு பொருளை அளக்கும் இப்பேச்சே மெய்யான திறனாய்வு.

இந்நான்கற்கும் அடியாக நிற்கும் உண்மை ஒன்றுண்டு. இவ்வாட்டங்களில் வெற்றி என்பது வகுக்கப்படவில்லை. ஓர் அணியை அழித்தால் மறு அணி வரும். ‘லைஃப்’ மூன்றும் தீர்ந்தவுடன் ஆட்டம் முடியும். எத்துணை வல்லவனும் இறுதியில் வீழ்வான். போர்க்கோலம் பூண்டிருத்தலின் இவற்றில் வாகையைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். வெல்ல இயலாத ஆட்டம் குறையுடைய ஆட்டம் என்று சிலர் கூறுவதும் இவ்வேமாற்றத்தால் எழுந்ததே. தொல்காப்பியர் புறத்திணை வகுப்பின்படி நோக்கின், இவை வாகையின்பாற்படாமல் நிலையாமை கூறும் காஞ்சியின்பாற்படும். எனவேதான் ஆடியோர் தம்முள் யார் வென்றனர் என்று வினவாது, யார் எதுவரை நின்றனர் என்று வினவினர். வீழ்வது உறுதி எனத் தெரிந்தும் அஞ்சாது நிற்றல் தறுகண். அதன்கண் பிறப்பது பெருமிதம். நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரின் அடக்கம் திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து வரலாற்றுத் தொடர்பு கற்பித்தல் எம் கருத்தன்று. அயல்நாட்டார் ஆட்டத்தின் உட்பொருளை அளக்க நம் இலக்கணத்திலேயே கோல் உண்டு என்பதே யாம் கூற வருவது.

நாட்டுப்பாடல்களும் ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்குரியவல்ல எனத் தள்ளப்பட்டன. கி. வா. சகந்நாதனும் நா. வானமாமலையும் போன்றோர் முயன்று தொகுத்தமையால் பல பிழைத்தன. அவற்றையேனும் பாடும் வாய்கள் அடுத்த தலைமுறைக்குத் தந்தன. கேசட்டு ஆடிய தலைமுறையின் கூற்றுகளோ அவரோடு ஒழியும். அவற்றைப் பிள்ளைகள் ஏற்றுப் பாடப்போவதில்லை. அப்பேச்சிலே சொற்பொருள் மாற்றம் உண்டு. எண்ணப்படாத உயிர் ‘மூணு லைஃப்’ என எண்ணப்பட்ட புதுமை உண்டு. கல்லாதார் எனக் கருதப்பட்டோர் காரணம் காட்டி வழக்காடிய முறையும் உண்டு.

இப்பணியில் இறங்கும் முதுகலை மாணவர், அக்காலம் இனிதாக இருந்ததா என்று வினவுதல் வேண்டா. அவ்வினாவிற்கு விடை ஒன்றே. எந்தக் கணை தவறியது, எதனால் வீழ்ந்தீர், பறிகொடுத்த கலத்தை மீட்க முயன்றீரா என்று வினவுக. விடையை அவர்தம் சொல்லிலேயே எழுதிக்கொள்க. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இவ்வினாக்களுக்கு விடை கூற வல்லார் இன்னும் உளர்.