விளக்கு யார் கையில்

தமிழ் வேதாகமத்தில் நெடுநாளாக என்னை உறுத்திவரும் ஒரு வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறேன். சீர்திருத்தச் சபையினர் இன்றும் கையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில், யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரத்தில் இயேசு தன்னைப் பற்றிச் சொல்லும்போது வரும் சொல் ‘ஒளி’. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், மலைமேல் உட்கார்ந்து எதிரே இருப்பவர்களைப் பார்த்து அதையே அவர்களுக்குச் சொல்லும்போது வரும் சொல் ‘வெளிச்சம்’. கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான்: ஃபோஸ். ஆண்டவருக்கு ஒளி, சனங்களுக்கு வெளிச்சம். 1995இல் வந்த கத்தோலிக்கத் திருவிவிலியம் இரண்டையும் ஒளியாக்கிவிட்டது. ஆனால் பிரசங்கங்களில் பழைய மேடு பள்ளம் அப்படியே இருக்கிறது. ஒளி மேலே இருக்கும். நாம் அதை வாங்கிக்கொள்கிறவர்கள். பெண்களாகிய நாம் வாங்கிக்கொள்ளும் வரிசையிலும் கடைசியில் நிற்கிறவர்கள்.

கடவுளின் இயல்பை ஒளி என்று சொல்லும் வாக்கியம் யோவானின் முதல் கடிதத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு பாதி. முதல் பாதி அவரை ஒளி என்கிறது. இரண்டாம் பாதி அவரிடம் இருள் துளியும் இல்லை என்கிறது. முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு திருச்சபை என்னென்னவற்றை இருள் என்று கணக்கெழுதியது என்பதுதான் என் கேள்வி.

நான் பிறந்து வளர்ந்தது தருமபுரி மாவட்டத்தில். எங்கள் மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997இல். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே கிறிஸ்தவ ஊர்கள் உண்டு. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் ஏசாயாவின் ஒன்பதாம் அதிகாரம் வாசிக்கப்படும். இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டதைச் சொல்லும் பகுதி. அதை வைத்துப் பிரசங்கிக்கிறவர்களுக்கு அந்த இருள் யார் என்பதில் சந்தேகமே இருப்பதில்லை. மிஷனரிகள் வருவதற்கு முன்பிருந்த நம் பாட்டன் பாட்டிகள்தான் இருள். இந்த மாவட்டத்தில் இருளர் என்றே பெயர் கொண்ட ஒரு பழங்குடி வாழ்கிறது. அந்தப் பெண்கள் அறுவடைக்கு வந்து எங்களோடு ஒரே வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கோயிலுக்குள் வந்து இந்தப் பிரசங்கத்தைக் கேட்டால் தன்னை எங்கே வைத்துக்கொள்வாள் என்று பிரசங்கிக்கிறவர் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பாரா தெரியவில்லை.

இருள் முதலில் ஊர் மேல் விழுந்தது. பிறகு தோல் மேல். இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தில் ஒரு பெண் தன் கறுப்பைப் பற்றிப் பேசுகிறாள். எபிரேய மூலத்தில் கறுப்புக்கும் அழகுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு ஒரே ஒரு எழுத்து. அதை ‘உம்’ என்றும் படிக்கலாம், ‘ஆனால்’ என்றும் படிக்கலாம். எரோனிமுஸின் லத்தீன் ‘ஆனால்’ என்று முடிவு செய்தது. தமிழும் ‘கறுப்பாயிருந்தாலும்’ என்ற வழியிலேயே போயிற்று. ஒரு ‘ஆலும்’ போதும், அழகு சலுகையாகிவிடும். நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் இதே ‘ஆலும்’ போட்டுத்தான் பேசுகிறார்கள்.

அடுத்த வசனத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. தான் ஏன் கறுத்தேன் என்று அவளே அதில் காரணம் சொல்கிறாள். வெயில் பட்டது. ஏன் வெயில் பட்டது? அண்ணன் தம்பிகள் கோபப்பட்டு அவளைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பினார்கள். அவளைக் கறுப்பாக்கியது இருள் அல்ல, ஒளி. வீட்டு ஆண்கள் போட்ட வேலையில் அவள்மேல் விழுந்த ஒளி. கடவுளின் உருவமாக ஒளியைச் சொல்கிற எந்த இறையியலும் இந்த வசனத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதைத் தருமபுரியில் விளக்கவே வேண்டியதில்லை. மழை குறைந்த மேட்டு நிலம் இது. கேழ்வரகு, நிலக்கடலை, பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி. வேலை இல்லாத மாதங்களில் பெங்களூருவுக்குச் சித்தாள் வேலைக்குப் போவது. நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் சுமக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சித்திரை வெயிலில் அவர்களிடம் போய்க் கடவுள் ஒளி என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பெரியம்மா ஒருமுறை சொன்னது: “சாமி வெளிச்சமா இருக்கட்டும் சாமி, ஆனா மத்தியானத்துல கொஞ்சம் புளியமரமாவும் இருக்கக் கூடாதா?” எல்லோரும் சிரித்தோம். வேதத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று பின்னால்தான் கண்டேன். திருப்பாடல் 121 ஆண்டவரை வலப்பக்கத்து நிழல் என்கிறது. பகல் வெயில் தாக்காமல் காப்பவர் என்கிறது. ஏசாயா இருபத்தைந்தாம் அதிகாரம் அவரை வெப்பத்துக்கு நிழல் என்கிறது. வேதம் எழுதப்பட்டதும் வெயில் நாட்டில்தானே! பனியிலும் குறுகிய பகலிலும் இருந்தவர்கள் ஒளிக்கு ஏங்கியது நியாயம். அந்த ஏக்கம் நம் ஊருக்கு இறக்குமதியானபோது, வெயில் நாட்டுக்காரர்கள் எழுதிய நிழல் வசனங்கள் மட்டும் பின்னுக்குப் போய்விட்டன.

நிழலின் உச்சம் லூக்காவின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. மரியா கருவுறுவதைச் சொல்லும் இடத்தில் ஒளிக்கற்றை எதுவும் வருவதில்லை. கடவுளின் வல்லமை அவள்மேல் நிழலாக வருகிறது. பிறகு வந்த ஓவியர்கள்தான் சன்னல் வழியே தங்கக் கதிரை இறக்கினார்கள். விடுதலைப் பயணம் இருபதாம் அதிகாரத்தில் மோசே கடவுளைச் சந்திக்கப் போவதும் காரிருளுக்குள்தான். நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி இதை வைத்தே, கடவுளை நெருங்க நெருங்க இருள் கூடுகிறது என்று எழுதினார். ஆண்கள் எழுதிய மறைஞான நூல்களில் இருளுக்கு இவ்வளவு மரியாதை! அடுப்படி இருளுக்கும் பிரசவ அறை இருளுக்கும் மட்டும் தீட்டு.

ஒளியின் இன்னொரு வேலை வெளிப்படுத்துவது. யோவான் மூன்றாம் அதிகாரத்தின் வாதம் இது: தப்பு செய்கிறவன் அம்பலப்பட்டுவிடுவோம் என்று அஞ்சி ஒளிப் பக்கமே வரமாட்டான். இது எப்போதும் உண்மையா? 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்து வாச்சாத்திக்குள் நுழைந்தவர்கள் யாருக்கும் அஞ்சி ஒளிந்து வரவில்லை. சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அரசு வண்டிகளில், சீருடையில், பட்டப்பகலில் வந்தன. மலையாளிப் பழங்குடியினரின் ஊர் அது. ஊராரை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. முப்பத்தோரு ஆண்டுகள்.

அதிகாரம் கையில் இருப்பவனுக்கு ஒளியைக் கண்டு பயமில்லை என்பதை வாச்சாத்தி காட்டியது. வெளிச்சத்துக்கு வருவதற்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். விசாரணைகளிலும் நீதிமன்றத்திலும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ‘வெளிச்சத்துக்குக் கொண்டுவருவோம்’ என்று பெண்ணிய மேடைகளில் நாமும் எளிதாகச் சொல்கிறோம். அந்த வெளிச்சம் யார் முகத்தில் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரை அச்சிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறதே, அதுவும் ஒரு நிழல்தான். நீதிக்கு ஒளியும் வேண்டும், நிழலும் வேண்டும் என்று சட்டப் புத்தகத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம் கடவுளுக்கு மட்டும் ஏன் ஒரே குணம்?

உருவகம் கெட்டிப்பட்டால் விக்கிரகமாகிவிடும் என்று அமெரிக்கப் பெண்ணிய இறையியலாளர் சாலி மெக்ஃபேக் 1982இல் எழுதினார். கடவுளைத் தந்தை என்று அழைப்பதை மனத்தில் வைத்து அவர் சொன்னது அது. தந்தையைப் பற்றியாவது பெண்கள் கேள்வி கேட்டுவிட்டோம். ஒளிக்கு ஆண் பெண் இல்லையே, அது பொதுவானதுதானே என்று விட்டுவிட்டோம். வழிபாட்டில் அது பொதுவாக இருந்ததே இல்லை.

பிப்ரவரி 2ஆம் தேதி, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. அன்றுதான் மெழுகுதிரிகளை மந்திரிப்பார்கள். 1969 வரை அதற்கு மரியாவின் தூய்மைச் சடங்கு விழா என்று பெயர். ஏன் பிப்ரவரி 2? லேவியர் பன்னிரண்டாம் அதிகாரத்தின்படி ஆண் பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு நாற்பது நாள். கிறிஸ்துமஸிலிருந்து எண்ணினால் நாற்பதாம் நாள் அது. பெண் பிள்ளை என்றால் எண்பது நாள். பிறந்தது பெண்ணாக இருந்திருந்தால் மெழுகுதிரித் திருநாள் மார்ச் 14க்குப் போயிருக்கும். ஒளியின் திருநாளுக்குத் தேதி குறித்தது பிள்ளையின் பால். சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் வந்து சேர்ந்த மாவட்டம் எங்களுடையது. பிறந்தது பெண் என்றால் விளக்கைக்கூடச் சின்னதாக்கிவிடும் வீடுகளைப் பார்த்தவர்கள் நாங்கள். இங்கே இந்தக் கணக்கை வெறும் வரலாறு என்று தள்ளிவிட முடியவில்லை. கருவறை இருளிலும் கடவுள் காண்கிறார் என்று 139ஆம் திருப்பாடல் ஆறுதல் சொல்கிறது. அதே இருளுக்குள் எட்டிப் பார்க்க ஸ்கேன் வந்தது. அது வேலை செய்வது ஒளியால் அல்ல, ஒலியால்; ஆனால் திரையில் வெள்ளையாகத் தெரிந்ததை வைத்துத்தான் எத்தனையோ பேர் பிறக்காமல் போனார்கள். 1994இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

பாஸ்கா திருவிழிப்புக்கு வருவோம். அந்த இரவு எனக்கு இன்றும் பிடிக்கும். விளக்கெல்லாம் அணைந்து, வெளியே மூட்டிய தீயிலிருந்து பெரிய பாஸ்காத் திரி உள்ளே வரும். கைக்குக் கை சுடர் மாறும்போது உடம்பு சிலிர்க்கும். திரி வருவது பெரும்பாலும் குருவின் அல்லது திருத்தொண்டரின் கையில். திருச்சபைச் சட்டம் 1024இன்படி திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே அந்தத் திருநிலைகளுக்கு வர முடியும். பீடத்தில் திரி ஏந்துவதையே பழைய வேலையாகக் கொண்ட பீடத்துணைவர் பணியை 1972இல் ஆறாம் பவுல் சீரமைத்தபோதும் ஆண்களுக்கே வைத்தார். அது பெண்களுக்குச் சட்டப்படி திறந்தது 2021 ஜனவரியில், பிரான்சிஸ் காலத்தில். எங்கள் பக்கத்துப் பங்குகளில் இன்னும் எந்தப் பெண்ணும் அந்தப் பணியில் ஏற்படுத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த இரவில் பாடும் புகழுரை, திரிக்கு மெழுகு தந்த தேனீயை மறக்காமல் போற்றுகிறது. மெழுகு சுரப்பவை வேலைக்காரத் தேனீக்கள், எல்லாம் பெண். பூசை முடிந்து ஒரு மணிக்கு மேல், தரையில் சொட்டிய மெழுகைக் கரண்டிக் காம்பால் சுரண்டுகிறவர்களும் பெண்கள். தேனீக்குக் கிடைத்த ஒரு வரி அவர்களுக்குக் கிடையாது.

ஒளியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேதத்திலேயே இருக்கும் இன்னொரு ஒளியைக் கேட்கிறேன். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் கடவுள் எப்படிப்பட்டவர் என்று காட்ட இயேசு அடுத்தடுத்து மூன்று கதை சொல்கிறார். ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பன், காசைத் தேடிய பெண், மகனுக்காகக் காத்திருந்த தகப்பன். நடுவில் இருப்பவளின் வீட்டில் பட்டப்பகலிலும் வெளிச்சம் போதாது, ஏழை வீடு. பத்துக் காசில் ஒன்று விழுந்துவிட்டது. அவள் விளக்கைக் கொளுத்துகிறாள், பெருக்குகிறாள், குனிந்து மூலை மூலையாகத் தேடுகிறாள். இந்தக் கதையில் கடவுள் ஒளி அல்ல. கடவுள் விளக்கேற்றுகிறவள். திரி கிள்ளி, எண்ணெய் விட்டு, காற்றுக்குக் கையால் மறைத்து எடுத்துப் போகும் ஒளி இது. வெயிலைப் போல எல்லார் தலையிலும் கொட்டாது. தொலைந்ததை அதட்டாது. வீட்டில் இருட்டு இருப்பதை அசிங்கம் என்று நினைக்காது. அங்கேதான் காசு கிடக்கிறது. காசு கிடைத்ததும் அவள் கூப்பிடுவது யாரை? கிரேக்கத்தில் தோழியர், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று பெண்பாலிலேயே இருக்கிறது.

மேய்ப்பனின் படம் இல்லாத கிறிஸ்தவ வீடு இல்லை. ஊதாரி மகனைக் கட்டிக்கொள்ளும் தகப்பனை ரெம்பிராண்ட் வரைந்தார். தியான மையங்களில் அது தொங்குகிறது. விளக்கும் துடைப்பமுமாக இருக்கும் கடவுளின் படத்தை நம் மாவட்டத்து எந்தக் கோயில் சுவரிலும் நான் கண்டதில்லை. அது ஏதோ ஓவியர்களின் மறதி என்று நினைத்திருந்தேன். வாசக அட்டவணையை எடுத்துப் பார்த்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. கத்தோலிக்க வழிபாட்டின் மூன்றாண்டுச் சுழற்சியில் லூக்கா வாசிக்கப்படுவது மூன்றாம் ஆண்டில். அந்த ஆண்டின் இயேசுவின் திரு இருதய விழாவுக்கு மேய்ப்பன் மட்டும் வருகிறான். வாசகம் ஏழாம் வசனத்தோடு நின்றுவிடும். தவக்காலம் நான்காம் ஞாயிறுக்குத் தகப்பன் மட்டும் வருகிறான். மூன்றாம் வசனத்திலிருந்து பதினொன்றுக்குத் தாவிவிடுவார்கள். விளக்கேற்றுகிறவளுக்கென்று தனி நாள் கிடையாது. ஆண்டுக்கொரு முறை ஒரு வாரநாள் பூசையில், வேலைக்குப் போகாதவர்கள் மட்டும் கேட்கும் வியாழக்கிழமையில், மேய்ப்பனோடு சேர்ந்து வருவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பொதுக்காலம் இருபத்து நான்காம் ஞாயிறு ஒன்றுதான், மூன்றாண்டுக்கு ஒரு முறை.

2025இல் அந்த முறை வந்தது. அந்த ஞாயிறு செப்டம்பர் 14ஆம் தேதி விழுந்தது. அன்று திருச்சிலுவை மகிமை விழா, வாசகங்கள் மாறிவிட்டன. அடுத்து அவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் வருவது 2028 செப்டம்பர் 17 அன்று.