சார்பட்டா பரம்பரை: ஒருவனும் அவனுடைய கூட்டமும்

வடசென்னை இளைஞன் ஒருவனைப் புதிதாகச் சந்திப்பவர், பெயரைக் கேட்டபின் அடுத்துக் கேட்பது 'எந்த ஏரியா?' என்பதுதான். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று விடை வந்த மாத்திரத்தில் கேட்டவர் உள்ளத்தில் ஒரு படம் எழுந்துவிடுகிறது. எதிரே நிற்கும் இளைஞன் அந்தப் படத்திற்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வேறு பகுதியிலுள்ள உறவினர் முகவரியை எழுதும் இளைஞர்களை நான் அறிவேன். ஒரு கூட்டத்தின் பண்பாட்டைத் தனிமனிதன் எங்ஙனம் பிரதிபலிக்கிறான் என்னும் வினா அவர்களைப் பொறுத்தவரை ஏட்டாராய்ச்சி அன்று, வயிற்றுப்பாடு.

அந்தப் படத்தை வரைந்ததில் திரைப்படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) கலைத்திறனில் குறைந்த படைப்பன்று. ஆயினும் அதில் கேரம் ஆடும் அன்புவின் விரல்கள் நேரே வன்முறைக்குள் இழுக்கப்படுகின்றன. சிறைக்குள் நடக்கும் ஆட்டமே கத்திக்குத்துக்கு மறைவிடமாகிறது. இதே வடசென்னையின் செரியன் நகரிலிருந்து சென்ற காசிமா என்னும் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அன்பு வடசென்னையின் முகம் என்றால் காசிமா யாருடைய முகம்?

இந்த வினாவோடு பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யை (2021) அணுகுவது பயன்தரும். 'பரம்பரை' என்ற சொல்லையே முதலில் நோக்குவோம். இங்கு அது குருதிவழி வரும் குலமன்று. ஒரு வாத்தியாரிடம் குத்துச்சண்டை கற்றவர்களின் வழிமரபு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்னும் பரம்பரைகள் கதைக்காகப் புனையப்பட்டவை அல்ல. துறைமுகத்திலும் ஆலையிலும் கடலிலும் உழைத்த மக்கள், ஆங்கிலேயர் கொணர்ந்த விளையாட்டைத் தமதாக்கிக்கொண்டு வளர்த்தவை அவை. சார்பட்டாவின் பழைய வீரருள் கித்தேரி முத்து என்பவர் பெரிதும் பேசப்படுகிறார். அப்பெயரைக் கேட்டதும் நம்மவர்க்கு வீரமாமுனிவரின் 'கித்தேரியம்மாள் அம்மானை' நினைவுக்கு வருமே! புனிதையின் பெயர் குத்துச்சண்டை மேடையில் ஒலித்த ஊர் இது.

படத்தில், தொடர்ந்து தோல்விகண்ட சார்பட்டாவின் இரங்கன் வாத்தியார், அடுத்த போட்டியில் வேம்புலியை வீழ்த்தாவிடில் தம் பரம்பரை இனி மேடையேறாது என்று சூளுரைக்கிறார். தாவீதும் கோலியாத்தும் நின்ற களம் நமக்குப் புதிதன்று. இரு படைகள் பொரவேண்டிய இடத்தில் இருவர் பொருதனர். ஒருவனின் வீழ்ச்சி ஓர் இனத்தின் வீழ்ச்சியாயிற்று. ஒருவனுக்குள் மக்கள் அனைவரையும் காணும் இப்பார்வையை விவிலிய அறிஞர் 'கூட்டு ஆளுமை' என்பர். இரங்கனின் சூளுரையிலும் அதுவே இருக்கிறது.

ஆனால் அந்தச் சுமையைத் தாங்கும் கபிலன் யார்? அவன் முறையாகச் சேர்க்கப்பட்ட மாணவன் அல்லன். தாய் பாக்கியம் தடுத்தமையால், சிறுவயது முதல் வெளியே நின்று பார்த்தே கற்றவன். அவன் மேடையேற முற்படும்போது பரம்பரைக்குள்ளேயே சிலர் முகம் சுளிக்கின்றனர். சாதியே காரணம் என்பதை இயக்குநர் உரக்க முழங்காமல் உணர்த்துகிறார். படத்தின் சிறந்த பகுதி இதுவே என்பேன். கூட்டத்தின் மானத்தைச் சுமக்கத் தகுதியுள்ளவன், கூட்டத்தில் சமமாக அமரத் தகுதியற்றவன் ஆகிறான். மானம் பரம்பரையினுடையது, அடி வாங்கும் உடல் மட்டும் அவனுடையது.

எதிரணியின் டான்சிங் ரோஸ் வேறொரு பாடம். சபீர் கல்லரக்கல் இப்பாத்திரத்தில் தோன்றும் நேரம் குறைவு. ஆயினும் படம் முடிந்தபின் மனத்தில் நிற்பவை அவர் கால்கள். இடியப்பப் பரம்பரையின் பெயரில் ஆடுகிறார். அந்த ஆட்டம் பரம்பரையில் வேறு எவருக்கும் இல்லை. மரபை அப்படியே காட்டும் கண்ணாடியாக இராமல், அதில் இல்லாத ஒன்றைக் கொண்டுவருபவராலேயே அப்பரம்பரை நினைவுகூரப்படுகிறது.

கபிலன் வேம்புலியை வெல்லும் தறுவாயில் கலவரம் மூள்கிறது. மேடையிலேயே அவன் ஆடை களையப்படுகிறது. அதே சமயம் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு (31 ஜனவரி 1976) வாத்தியாரும் கைதாகிறார். அதன்பின் கபிலன் சாராயத்தில் மூழ்கும் ஆண்டுகள். (எம்.ஜி.ஆரைப் படம் சரியாகக் காட்டவில்லை என்றொரு கண்டனமும் அன்று எழுந்தது. அந்த வழக்கை அரசியலாளரிடமே விட்டுவிடுவோம்.) அந்த ஆண்டுகளில் சார்பட்டா எங்கே இருந்தது? மானத்தை அவனிடம் ஒப்படைத்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் அவன் வீட்டுக் கதவைத் தட்டினர்? அவனைத் தாங்குவோர் தாய், மனைவி மாரியம்மாள், 'டாடி' என அழைக்கப்படும் ஆங்கிலோ இந்தியர் கெவின், கடற்கரையில் மீண்டும் பயிற்சியளிக்கும் பீடி இராயப்பன் ஆகிய சிலரே. இராயப்பர் பெயரால் அமைந்த இராயபுரத்தின் கதையில் இப்பெயர் இயல்பாகவே பொருந்துகிறது.

என் குறை இங்கேதான். இத்தனை கூர்மையாக எழுப்பிய வினாவுக்கு இயக்குநர் இன்னொரு வெற்றியையே விடையாக்குகிறார். கபிலன் வேம்புலியை வீழ்த்துகிறான்; கூட்டம் ஆர்ப்பரிக்கிறது; முன்னர் முகம் சுளித்ததெல்லாம் அந்த ஆரவாரத்தில் கரைந்துபோகிறது. வென்றவனைத் தன் முகம் என்று கொண்டாடுவது எந்தக் கூட்டத்திற்கும் எளிது. இறுதிச் சண்டையில் கபிலன் தோற்றிருந்தால், மாரியம்மாளும் டாடியும் இராயப்பனும் மேடையடியில் நின்றிருப்பர் என்று நம்பலாம். மற்றவர்களைப் பற்றிப் படம் நமக்கு ஒன்றும் சொல்லவில்லை.