ஜாலியாக ஒரு வெள்ளம்

உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? வடாம் காயப்போட, செல்போனில் சிக்னல் தேட... இதெல்லாம் கணக்கில் சேராது. மூலையில் மழைத்தண்ணி இறங்குகிற குழாயின் வாயைக் குனிந்து பார்த்தீர்களா?

நான் பார்த்ததில்லை. 2016 டிசம்பர் 12 வரைக்கும்.

அன்றைக்குத்தான் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு நான்தான் செக்ரெட்டரி. 'பி.காம். படிச்சவன், கணக்கு வழக்கு பார்ப்பான்' என்று தலையில் கட்டிவிட்டார்கள். நானும் பொறுப்பாக, குழாய் வாய்க்குக் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டி வைத்திருந்தேன். தூசிகூட உள்ளே போகாது என்று பெருமை வேறு!

தூசி போகவில்லை. தண்ணியும் போகவில்லை. மொத்த வேப்பிலையும் வலைமேல் படுத்துக்கொள்ள, மாடி குளமாகி, கதவைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கி, மூன்றாவது மாடி ரிட்டயர்டு டீச்சரம்மா வீட்டுக்குள் புகுந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் ட்ரங்க் பெட்டி. அதில் அவர் கணவர் எழுதிய கடிதங்கள். எல்லாம் கூழ்.

"விடுங்க தம்பி, எழுதினவரே போயிட்டார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைத்த மூடியையெல்லாம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மார்க் ஷீட் இதோ:

தட்டை ஜாலி: பாத்ரூமுக்கு நல்லது. மாடிக்கு ஃபெயில். ஒரே ஒரு பாலிதீன் கவர் வந்து உட்கார்ந்தால் கதை முடிந்தது.

ஸ்பாஞ்ச்: சித்திரையில் தூசியைக் குடித்தது. ஐப்பசியில் அதன்மேல் செடி முளைத்தது. தோட்டக்கலைக்கு மட்டும் பாஸ்.

ஸ்டீல் நுண்வலை: மாடியில் பாதிக்கு ஷீட் போட்டிருக்கிறோம். அதன் ஓரத்துத் தகரக் கால்வாய்க்கு வாங்கியது இது. இருப்பதிலேயே விலை அதிகம். இலை, பூ எதுவும் புகாது என்பது நிஜம். ஆனால், நம் ஊர் ரோட்டுத் தூசி படிந்து, அதன்மேல் நாலு தூறல் விழுந்தால் சேறு பூசிய மாதிரி கண்ணெல்லாம் அடைத்துக்கொள்கிறது. பெருமழையில் தண்ணி வலையின் மேலேயே வழுக்கி, அந்தப் பக்கம் கொட்டுகிறது. 'ஆயுசுக்கும் சுத்தம் செய்யவே வேண்டாம்' என்றார் கடைக்காரர். யாருடைய ஆயுசு என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

குமிழ் ஜாலி: கவிழ்த்த கிண்ணம் மாதிரி எழும்பி நிற்கும். விரல் நுழைகிற இடைவெளி. இலைகள் காலடியில் குவிந்தாலும் தண்ணி மேல்பக்கமாகப் புகுந்துவிடும். தூசியும் கூடவே போய்விடும். ஃபர்ஸ்ட் கிளாஸ்!

தூசி போகலாமா என்கிறீர்களா? போகட்டும் சார்! நான் பண்ணிய தப்பே அதைத் தடுத்ததுதான். கண் சின்னதாகச் சின்னதாக வலை சீக்கிரம் அடைக்கும். தூசியும் புயலும் சேர்ந்த ஊரில் மூடியின் வேலை தண்ணிக்கு வழிவிடுவது. தூசிக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தக் குழாயில் ஒரு வால்வு வைத்து, முதல் மழையின் அழுக்குத் தண்ணியை வெளியே திறந்துவிட்டால் போதும்.

ஒரு சின்னக் கணக்கு. மாடி 1,000 சதுர அடி. ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை. சுமார் 4,600 லிட்டர். நிமிடத்துக்கு 77 லிட்டர், அதாவது ஐந்து பக்கெட். இத்தனையும் அந்த ஒரு வாய் வழியாக இறங்கியாக வேண்டும். அடைத்துக்கொண்டால்? நாலரை டன்னுக்கு மேல் எடை உங்கள் தலைக்கு மேலே நிற்கிறது. கைப்பிடிச் சுவரின் அடியில், கதவுப் படியைவிடத் தாழ்வாக, இன்னொரு ஓட்டையும் போட்டு வையுங்கள். முதல் வழி அடைத்தாலும் தண்ணி தெருவுக்குப் போகும், டீச்சர் வீட்டுக்குப் போகாது.

எந்த மூடி வாங்கினாலும் துடைப்பம் இலவசமாக வராது. ஐப்பசிக்கு முன்னால் ஒரு தரம், புயல் எச்சரிக்கை வந்ததும் ஒரு தரம், நீங்கள்தான் மாடியேற வேண்டும். எனக்கு மறப்பதில்லை. புரட்டாசி பிறந்தால் டீச்சரம்மா படிக்கட்டில் மடக்கிவிடுவார்.

"என்ன தம்பி, மேலே போய்ப் பார்த்தீங்களா?"